பருவம் மாறும் வாசம்: பச்சை மலர் பெர்ஃப்யூம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வெட்டிய புல்லின் வாசம் ஒரே வாசம் போலத் தோன்றும். கவனித்து முகர்ந்தால் அது நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது தெரியும். இலை கிழிந்த நொடியில் அதன் செல்களில் இருக்கும் லினோலெனிக் அமிலத்தை நொதிகள் உடைக்கின்றன. முதலில் எழுவது ஹெக்ஸெனல். மூக்கைச் சுள்ளென்று தொடும் கூர்மையான வாசம் அது. கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு பகுதி சிஸ்-3-ஹெக்ஸெனாலாக மாறுகிறது. புல் வாசம் என்று நமக்கு உடனே நினைவு வருவது இதுதான். இன்னொரு பகுதி அசிட்டேட்டாகிக் காய் பழுக்கும் முன் வரும் லேசான இனிப்பைக் கொடுக்கிறது. அதே புல் வெயிலில் சில நாள் கிடந்து காய்ந்தால், சில வகைப் புற்களில் கூமரின் என்ற பொருள் வெளிப்பட்டு, வெதுவெதுப்பான இனிய வாசம் கிளம்புகிறது.

இளவேனிலிலிருந்து முதுவேனிலுக்குப் போகும் பாதை இந்த வேதியியலிலேயே இருக்கிறது. பருவ மாற்றத்தைக் கருவாக வைத்துப் பச்சை மலர் பெர்ஃப்யூம், அதாவது இலை வாசமும் பூ வாசமும் சேர்ந்த பெர்ஃப்யூம், செய்ய நினைப்பவர்கள் பலர் ஒரு பருவத்தைப் படம் பிடிக்கப் பார்க்கிறார்கள்: வசந்தத் தோட்டம், மழைக்காலக் காடு என்று. அப்படிச் செய்ததில் அழகு இருக்கும், ஆனால் அசைவு இருக்காது. பெர்ஃப்யூமுக்கு ஓவியத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அதற்குள் காலம் ஓடுகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வேகத்தில் ஆவியாகிறது. அந்த வேகங்களை வரிசைப்படுத்தினால், அணிந்தவரின் கையிலேயே ஒரு பருவம் போய் இன்னொன்று வரும். வேலை முழுவதும் இரண்டு பருவங்களுக்கு நடுவே இருக்கும் அந்த இணைப்பில்தான். இந்த வழிகாட்டி அதைச் சுற்றியே போகும்.

முதல் படி: எந்த மாற்றம் என்று முடிவு செய்யுங்கள்

பாட்டில்களைத் திறக்கும் முன் இரண்டு வரி எழுதி வையுங்கள். எதிலிருந்து, எதற்கு? அவ்வளவு போதும். 'ஈரமான இளம் இலையிலிருந்து காய்ந்த புல்லுக்கு. நடுவில் ஒரு வெள்ளைப் பூ' என்பது நல்ல குறிப்பு. 'இயற்கையின் அழகு' என்பது குறிப்பே இல்லை. அதை வைத்து எந்தப் பொருளைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்க முடியாது.

கீழே உள்ள சூத்திரம் அந்த முதல் குறிப்பை வைத்துத்தான்: இலை, பூ, உலர்ந்த புல். வேறு மாற்றங்களுக்கு அதை எப்படித் திருப்புவது என்று பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: பச்சையைப் பிரித்து முகரப் பழகுங்கள்

பச்சை வாசம் என்று ஒன்று கிடையாது. குறைந்தது ஐந்து வகையாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். பெரும்பாலான தோல்விகள் தவறான பச்சையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகின்றன.

சிஸ்-3-ஹெக்ஸெனால்: மேலே சொன்ன புல் வாசம். தூய நிலையில் முகர்ந்தால் முரட்டுத்தனமாக இருக்கும்; 1 சதவீதக் கரைசலில்தான் அதன் உண்மையான முகம் தெரியும். கொதிநிலை சுமார் 157 டிகிரி செல்சியஸ், அதாவது வாசனைப் பொருட்களில் மிக வேகமாகப் பறந்துவிடும் கூட்டத்தைச் சேர்ந்தது. கதையின் முதல் சில நிமிடங்களை மட்டுமே இதனால் சொல்ல முடியும்.

கால்பனம்: ஈரான் பகுதியில் வளரும் ஃபெருலா இனச் செடியின் பிசினிலிருந்து வடித்த எண்ணெய். பச்சைக் குடைமிளகாய், கசந்த தண்டு, ஈர மண் எல்லாம் கலந்த மாதிரி இருக்கும். அந்தக் குடைமிளகாய்த் தன்மை பைரசீன்கள் என்ற வேதிப்பொருட்களால் வருவது. அவை துளியிலும் துளியாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். 1947இல் ஜெர்மேன் செலியே, பால்மேன் நிறுவனத்துக்காக உருவாக்கிய 'வான் வேர்' பெர்ஃப்யூம் கால்பனத்தைத் துணிந்து அதிக அளவில் போட்டது. பச்சை வாசனைகள் தனி வகையாக நிலைபெற்றதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்றைக்கும் பச்சை என்றால் பலருக்கும் கால்பனம்தான் நினைவுக்கு வரும்.

வயலட் இலை அப்சல்யூட் (கரைப்பானால் பிரித்தெடுத்த அடர்ந்த சாறு): இதற்கும் வயலட் பூவின் வாசத்துக்கும் தொடர்பே இல்லை. வெள்ளரித்தோல், நீர் தெளித்த இலை, கொஞ்சம் உலோகம். குளிர்ச்சி வேண்டுமானால் இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. அடர் பச்சை நிறம், பிசுபிசுப்பு. 10 சதவீதமாகக் கரைத்துக்கொண்டால் கையாள எளிது.

டிரிப்லால்: முழுக்க ஆய்வகத்தில் உருவான ஆல்டிஹைடு. இலையை விரல்களுக்கு நடுவே நசுக்கினால் வரும் கூர்மை இதில் உண்டு. மிகவும் பலமானது. ஒரு துளி கூடினால் மொத்தக் கலவையும் சோப்புத் தூள் பக்கம் சாய்ந்துவிடும்.

சிஸ்-3-ஹெக்ஸெனைல் சாலிசிலேட்: ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பாதி இலை, ஒரு பாதி பூ. முதல் முகர்தலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாதது போல அமைதியாக இருக்கும். ஆனால் ஹெக்ஸெனால் சில மணி நேரத்துக்குள் மறைந்த பிறகும் இது முகர்தாளில் (வாசம் சோதிக்கும் காகிதப் பட்டையில்) நாள்கணக்கில் நிற்கும். பச்சையிலிருந்து பூவுக்குப் போகும் பாலம் வேண்டும் என்றோமே, அது இது.

ஐந்தையும் நீர்த்த நிலையில் தனித்தனித் தாளில் நனைத்து, உடனே, 10 நிமிடம் கழித்து, 1 மணி நேரம் கழித்து, மறுநாள் என்று முகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். விற்பவரின் விவரணையை முன்பே படித்துவிட்டால் மூக்கு அதையே திரும்பச் சொல்லும். ஆகவே எழுதிய பிறகே படியுங்கள்.

மூன்றாம் படி: கருவிகளும் கரைசல்களும்

0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று கட்டாயம். துளி எண்ணிச் செய்வது வேண்டாம். பின்னால் வரும் ஹெடியோன் என்ற வாசனைப் பொருளின் துளியும் ஆல்கஹாலின் துளியும் ஒரே எடை இல்லை, அதனால் பிடித்துப்போன கலவையை மறுபடி செய்ய முடியாமல் போகும். இதோடு கண்ணாடிக் குப்பிகள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிப்பெட்டுகள், முகர்தாள்கள், ஒட்டும் சீட்டு, ஒரு நோட்டுப் புத்தகம்.

ஆல்கஹால் என்றால் வாசனைத் தயாரிப்புக்கென்று விற்கும், 95 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ள எத்தனால். ஐசோபுரொப்பைல் வேண்டாம், அதன் வாடை தனியாகத் தெரியும். மெத்தனால் கலந்த எரிபொருள் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சு.

பலமான பொருட்களை முன்கூட்டியே நீர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 10 சதவீதம் என்றால் 1 கிராம் பொருளுக்கு 9 கிராம் எத்தனால். 1 சதவீதம் என்றால் 0.1 கிராம் பொருளுக்கு 9.9 கிராம். காரணம் எளிது: 0.01 கிராம் காட்டும் தராசில் 0.02 கிராம் டிரிப்லால் எடுத்தால் பாதிக்குப் பாதி பிழை வரலாம். அதையே 10 சதவீதக் கரைசலாக 0.20 கிராம் எடுத்தால் பிழை 20இல் ஒரு பங்குதான். பின்னால் பயன்படப்போகும் கூமரின், இண்டோல், எவர்னில் மூன்றும் படிகங்களாகத்தான் வரும், எப்படியும் கரைக்கத்தான் வேண்டும்.

காற்றோட்டமுள்ள அறை, கையுறை, பக்கத்தில் தீ எதுவும் இல்லாத மேசை. இதில் சமரசம் கூடாது. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

நான்காம் படி: பூவைக் கட்டுதல்

பச்சை மலர் வகையில் பூ எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மொட்டா, இப்போதுதான் விரிந்ததா, காம்பிலேயே வாடத் தொடங்கியதா? மொட்டு என்றால் நீர்த்தன்மையும் பச்சையும் கூட இருக்கும், இனிப்பு குறைவு. முழுதாக விரிந்த வெள்ளைப் பூவில் இண்டோல் என்ற பொருளின் கனத்த வாசம் வந்துவிடும். நம் கதையில் பூ விரியும் நேரத்தில்தான் காற்று மாறுகிறது. அதனால் நமக்கு வேண்டியது விரிந்த முதல் மணி நேரத்துப் பூ.

உண்மைப் பூவிலிருந்து எடுத்த எண்ணெய் இருந்தால் போதுமே என்று தோன்றலாம். லில்லி ஆஃப் தி வேலி போன்ற சில பூக்களிலிருந்து வணிக ரீதியில் பயன்படும் எண்ணெய் எடுப்பது மிகக் கடினம். அந்தப் பூவின் வாசத்தோடு இதுவரை வந்த பெர்ஃப்யூம்களில் கிட்டத்தட்ட எல்லாமே வேறு பொருட்களைச் சேர்த்துக் கட்டியவை. 1956இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய 'டியோரிசிமோ' இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அந்த ஈரமான வெள்ளைப் பூத் தன்மைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுவது ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால். நாமும் அதையே எடுக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சூத்திரங்களில் லிலியல், லைரல் என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. லிலியல் மீதான தடை 2022 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சூத்திரங்களை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள்.

பூவின் உடலில் பெரும்பங்கு ஹெடியோன். மல்லிகை வகைப் பூக்களின் எண்ணெயை ஆராய்ந்தபோது ஃபிர்மெனிக் நிறுவனத்தில் கண்டெடுத்த பொருள் இது. 1966இல் வந்த 'ஓ சோவாஜ்' அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. தனியாக முகர்ந்தால் 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். கலவைக்குள் போனதும் மற்ற பொருட்களுக்கு நடுவே காற்று புகுந்தது போல ஆகிவிடும். பச்சையையும் பூவையும் இறுக்கமில்லாமல் சேர்த்து வைக்க ஹெடியோனைப் போல எதுவும் இல்லை. தாராளமாகப் போடலாம்.

மற்றவை துணை: ரோஜாவின் மென்மைக்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், புத்துணர்ச்சிக்கு லினலூல், மல்லிகையின் பழச்சாயலுக்கு பென்சைல் அசிட்டேட். அப்புறம் இண்டோல், 1 சதவீதக் கரைசலில் மிகச் சிறிய அளவு. அது இல்லாமல் செய்த வெள்ளைப் பூ சோப்புப் பெட்டியில் அச்சிட்ட பூவைப் போலத் தட்டையாக இருக்கும்.

ஐந்தாம் படி: உலர்ந்த அடி

கதை எங்கே போய் முடிகிறதோ அதுதான் அடி மணம். நமக்கு அது காய்ந்த புல், வெயில் பட்ட வேர், லேசான பாசி.

கூமரின் உலர்ந்த புல்லின் குரல். டோங்கா விதையிலிருந்து 1820இல் முதலில் பிரித்தெடுத்தார்கள். 1868இல் வில்லியம் பெர்கின் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1882இல் 'ஃபூஜேர் ருவாயால்' பெர்ஃப்யூமில் இடம்பிடித்தது. அதிகமாகப் போட்டால் இனிப்புப் பண்டத்தின் சாயல் வந்துவிடும். அந்த இனிப்பை அடக்கி உலர்ச்சிக்குத் திருப்பத்தான் வெட்டிவேர் எண்ணெய். வேரின் கசப்பு கால்பனத்தின் கசப்போடு தூரத்து உறவு கொண்டது. ஆகவே தொடக்கத்தில் கேட்ட ஒரு சுவடு முடிவிலும் கேட்கும்.

பாசிக்கு ஓக்மாஸ் அப்சல்யூட் போடுவது பழைய வழக்கம். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் ஒவ்வாமை ஏற்படுத்துபவை என்பதால் இன்று அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. எவர்னில் என்ற பொருள் ஓக்மாஸிலேயே இயற்கையாக இருக்கும் ஒரு மூலக்கூறு, உலர்ந்து தூசி படிந்த பாசி வாசம் தரும். நமக்கு அதுவே பொருத்தம். ஐசோ இ சூப்பர், செடார், எத்திலீன் பிராசிலேட் மூன்றும் மரத்தையும் மென்மையான கஸ்தூரித் தன்மையையும் தந்து மற்றவற்றைத் தாங்கிப் பிடிக்கும்.

ஆறாம் படி: சூத்திரம்

எல்லாம் எடையில், மொத்தம் 100 பங்கு. 10 கிராம் அடர்கலவைக்கு (கடைசியாக எத்தனாலில் நீர்க்கும் முன் உள்ள கலவைக்கு) ஒரு பங்கு 0.10 கிராம்.

பூ (47 பங்கு)
ஹெடியோன் 22
ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 10
லினலூல் 6
ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் 5
பென்சைல் அசிட்டேட் 3
இண்டோல், 1 சதவீதக் கரைசல் 1

அடி (30 பங்கு)
ஐசோ இ சூப்பர் 10
எத்திலீன் பிராசிலேட் 8
கூமரின், 10 சதவீதக் கரைசல் 5
எவர்னில், 10 சதவீதக் கரைசல் 3
வெட்டிவேர் எண்ணெய் 2
செடார் எண்ணெய் 2

பாலம் (4 பங்கு)
சிஸ்-3-ஹெக்ஸெனைல் சாலிசிலேட் 4

பச்சை (19 பங்கு)
பெர்கமாட், பெர்காப்டென் நீக்கியது 8
கால்பனம், 10 சதவீதக் கரைசல் 4
சிஸ்-3-ஹெக்ஸெனால், 10 சதவீதக் கரைசல் 3
வயலட் இலை, 10 சதவீதக் கரைசல் 3
டிரிப்லால், 10 சதவீதக் கரைசல் 1

பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோலின் எண்ணெயில் 'பெர்காப்டென் நீக்கியது' என்பதைக் கவனியுங்கள். அழுத்திப் பிழிந்த சாதாரண பெர்கமாட் எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால், அதிலுள்ள பெர்காப்டெனால் புண்ணும் கருமையும் வரலாம். தோலில் தங்கும் பொருட்களில் அதற்கு இஃப்ரா என்ற சர்வதேச நறுமண அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.4 சதவீதம். நம் பெர்ஃப்யூமை 15 சதவீதத்தில் நீர்த்தால் பெர்கமாட் 1.2 சதவீதம் வரும், அதாவது வரம்பைப் போல மூன்று மடங்கு. நீக்கிய வகை கிடைக்காவிட்டால் பெர்கமாட்டை 2 பங்காகக் குறைத்து, மீதி 6 பங்குக்கு லினலைல் அசிட்டேட் போடுங்கள். இஃப்ராவின் வரம்புகள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு பொருளுக்கும் புதிய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: சேர்க்கும் முறை

முதலில் பூவின் 47 பங்கை ஒரு குப்பியில் எடைபோட்டுச் சேருங்கள். பெரிய எடைகள் முதலில், சிறியவை கடைசியில். மூடிக் குலுக்கி, தாளில் நனைத்து முகருங்கள். இந்த நிலையிலேயே அது பூவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே எவ்வளவு பச்சை போட்டாலும் அது பூவாகாது.

அடுத்து அடியின் 30 பங்கு, அப்புறம் பாலத்தின் 4 பங்கு. இப்போது உங்களிடம் 8.1 கிராம் இருக்கும். பச்சை இன்னும் சேரவில்லை.

பச்சையை நேராக இதில் கொட்ட வேண்டாம். இன்னொரு சின்னக் குப்பியில் அந்த 19 பங்கை, அதாவது 1.9 கிராமைத் தனியாகக் கலந்து வையுங்கள். 8.1 கிராம் உடலை 2.7 கிராம் வீதம் மூன்று குப்பிகளில் பிரியுங்கள். முதல் குப்பிக்கு 0.3 கிராம் பச்சைக் கலவை, இரண்டாவதற்கு 0.6, மூன்றாவதற்கு 0.9. இரண்டாவதுதான் கிட்டத்தட்ட சூத்திரத்தின் அளவு. ஒரே பூ, ஒரே அடி, மூன்று பருவ நிலைகள் உங்கள் முன்னால் இருக்கும். பச்சையின் அளவைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. இப்படி அருகருகே வைத்து முகர்ந்தால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

எட்டாம் படி: காலத்தோடு முகர்ந்து திருத்துதல்

மூன்றையும் எத்தனாலில் 15 சதவீதமாக நீர்த்து, தாளில் தொட்டு, நேரம் எழுதி வையுங்கள். உடனே, 10 நிமிடத்தில், 1 மணி நேரத்தில், 4 மணி நேரத்தில், மறுநாள் காலையில் முகர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: இப்போது எந்தப் பருவம்?

நல்ல கலவையில் முதல் 10 நிமிடம் இலை முன்னால் நிற்கும். பூ பின்னால் தெரியும். 1 மணி நேரத்தில் பூ முன்னால் வந்திருக்கும், ஆனால் அதன் மேல் இன்னும் பச்சை நிழல் இருக்கும். 4 மணி நேரத்தில் பூ மெலிந்து உலர்ந்த இனிப்பு தொடங்கும். மறுநாள் புல்லும் வேரும் மட்டும்.

அப்படி நடக்காதபோது என்ன செய்வது?

இலையும் பூவும் இரண்டு தனி பெர்ஃப்யூம்கள் போல ஒட்டாமல் நின்றால், பாலம் பலவீனம். சாலிசிலேட்டை 4 பங்கிலிருந்து 7 வரை கூட்டுங்கள். பல நேரம் அதுவே போதும். இன்னும் ஒட்டவில்லையென்றால் டிரிப்லாலைப் பாதியாக்குங்கள், பிளவு அதனால்தான் இருக்கும்.

காய்கறிக் கூடை போலப் பச்சை வாடை அடித்தால் கால்பனம் கூடிவிட்டது. அதைக் குறைத்து அந்த இடத்தில் வயலட் இலையைக் கொஞ்சம் ஏற்றினால் கசப்பு போய்க் குளிர்ச்சி வரும்.

சோப்பு வாசம் வந்தால் ஹைட்ராக்சிசிட்ரோனெல்லாலும் லினலூலும் டிரிப்லாலும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். லினலூலை 6லிருந்து 4 ஆக்கி, இண்டோல் கரைசலை 2 பங்காக்கிப் பாருங்கள்.

1 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் நடுவே எதுவுமே இல்லாத வெற்றிடம் போல இருந்தால் அவசரப்பட்டுப் புதுப் பொருள் சேர்க்காதீர்கள். மூக்கு களைத்திருக்கலாம். ஹெடியோன், ஐசோ இ சூப்பர், கஸ்தூரிகள் மூன்றுமே நீண்ட நேரம் முகர்ந்தால் மூக்குக்கு மறைந்துபோகும் தன்மை உள்ளவை. வெளியே நடந்துவிட்டு வந்து, வாசம் பூசாத உங்கள் சட்டைக் கையை முகர்ந்த பிறகு மறுபடி முயலுங்கள். இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. சில கஸ்தூரி மூலக்கூறுகளைச் சிலரால் உணரவே முடியாது.

ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது எண், புது வரி, நோட்டில்.

ஒன்பதாம் படி: ஆல்கஹாலும் காத்திருப்பும்

தேர்ந்தெடுத்த கலவையைப் புதிதாக 10 கிராம் செய்து, ஒரு வாரம் அப்படியே வைத்து, பிறகு நீர்க்கலாம். 3 கிராம் அடர்கலவைக்கு 17 கிராம் எத்தனால் சேர்த்தால் 20 கிராம், 15 சதவீதம். பச்சை வகைக்கு அதற்கு மேல் போவது எனக்கு உடன்பாடில்லை. அடர்த்தி கூடக் கூடக் காற்று குறைந்து, இலையின் ஈரம் கனத்துப்போகிறது.

குறைந்தது மூன்று, நான்கு வாரம் இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஊற விடுங்கள். இந்த இடைவெளியில் உண்மையிலேயே வேதி மாற்றம் நடக்கிறது. டிரிப்லால், ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் போன்ற ஆல்டிஹைடுகளில் ஒரு பகுதி எத்தனாலோடு சேர்ந்து அசிட்டால்களாக மாறும். அதனால் கூர்மை மழுங்கும். முதல் நாள் சற்றே தூக்கலாக இருந்த பச்சை நாலாவது வாரத்தில் சரியாக உட்காருவது இப்படித்தான். ஆகவே முதல் நாள் கச்சிதமாக இருக்கும் கலவையைவிட, ஒரு படி பச்சையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறமும் மாறும். வயலட் இலையின் பச்சைச் சாயல் மங்கும். இண்டோல் இருப்பதால் நாளடைவில் மஞ்சளோ லேசான சிவப்போ ஏறலாம். இது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. கலங்கலாக இருந்தால் இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்து, குளிராக இருக்கும்போதே வடிதாளில் வடிகட்டுங்கள். அப்சல்யூட்டில் இருக்கும் மெழுகு தாளில் தங்கிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் குப்பி இறுக மூடியிருக்க வேண்டும்.

வேறு பருவ மாற்றங்களுக்கு

குளிர் விலகி முதல் தளிர் வருவது: கால்பனக் கரைசலை 8 பங்காக்குங்கள், கூமரினை எடுத்துவிடுங்கள், அடியில் ஐரிஸ் வேரின் தூள் போன்ற குளிர்ச்சிக்கு மெத்தில் அயனோன் 5 பங்கு சேருங்கள். இலையையும் ஐரிஸையும் இப்படி எதிரெதிரே நிறுத்திய மிக அழகான உதாரணம், ஆன்ரி ரோபேர் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வந்த 'ஷனேல் நம்பர் 19'. கிடைத்தால் ஒருமுறை நிதானமாக முகர்ந்து பாருங்கள். பனி இன்னும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வை அதில் அந்த வேர்தான் கொடுக்கிறது.

வறட்சி முடிந்து கார்காலம் தொடங்குவது: இதில் வரிசை தலைகீழ். உலர்ந்தது முன்னால், ஈரம் பின்னால். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் போன்ற நுண்ணுயிரிகள் உருவாக்குவது. மனித மூக்கு அதை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்த செறிவிலேயே கண்டுபிடித்துவிடும், ஆகவே 0.1 சதவீதக் கரைசலில் தொடங்கி, அதிலும் அரைப் பங்கு போட்டுப் பாருங்கள். வெட்டிவேரை 4 ஆக்கலாம். சிக்கல் என்னவென்றால் ஈரத்தைச் சொல்லும் பொருட்களில் பல வேகமாகப் பறப்பவை. கடைசி வரை ஈரம் நிற்க வேண்டுமானால் சாலிசிலேட்டை 8 வரை ஏற்றி, வயலட் இலையை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

இலையுதிர்வு: கட்சுரா என்ற மரத்தின் இலைகள் உதிரும் நேரத்தில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு போல மணக்கும். அதற்குக் காரணம் மால்டோல். பழுத்த இலையைச் சொல்ல இதைவிட நேரான வழி கிடையாது. மால்டோல் 1 சதவீதக் கரைசலில் 2 பங்கு, பச்சோலி 2 பங்கு, எவர்னில் கரைசல் 6 பங்கு. ஹெக்ஸெனாலைக் கரைசலாக 1 பங்குக்கு இறக்குங்கள். பூ இங்கே வாடத் தொடங்கியிருக்க வேண்டும், அதனால் இண்டோல் கொஞ்சம் கூடலாம்.

தோலிலும் பாட்டிலிலும்

தாளில் சரியாக வந்ததைத் தோலில் பார்க்கும் முன், முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் காத்திருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அதைத் தோலில் அணிய வேண்டாம். சிலருக்கு லினலூல், ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால், கூமரின் ஆகியவை ஒவ்வாமை தரலாம். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பொருட்களின் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். விற்பதாக இருந்தால் உங்கள் நாட்டின் அழகுப் பொருள் சட்டம் கேட்கும் பாதுகாப்பு மதிப்பீடும் சீட்டு விவரங்களும் தனி வேலை.

தோலின் சூடு எல்லாவற்றையும் வேகப்படுத்தும். தாளில் 10 நிமிடம் நின்ற இலை, வெயில் நாளில் தோலில் 3, 4 நிமிடத்தில் போய்விடலாம். குளிர் நாளில் அதே இலை அரை மணி நேரம் நிற்கலாம். ஆகவே சூடான நாளில் ஒரு முறையும் குளிர்ந்த நாளில் ஒரு முறையும் அணிந்து பார்க்காமல் சூத்திரத்தை முடிவு செய்யாதீர்கள். சூட்டில் பச்சை நிற்கவில்லை என்றால் ஹெக்ஸெனாலைக் கூட்டுவது பலன் தராது, தொடக்கம் மட்டும் இன்னும் முரடாகும். பாலத்தையும் வயலட் இலையையும்தான் கூட்ட வேண்டும். துணியில் தெளித்தால் வரிசை மெதுவாக நகரும், மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆனால் வெளிர் நிறத் துணியில் வயலட் இலை கறை விடலாம்.

பாட்டில் சிறியதாக, கழுத்துவரை நிரம்பியதாக இருக்கட்டும். உள்ளே காற்று அதிகமானால் முதலில் கெடுவது பெர்கமாட்டும் பச்சையும்தான். நிறமுள்ள கண்ணாடி, நேர் வெளிச்சம் படாத அலமாரி, சீட்டில் சூத்திர எண், செய்த தேதி, செறிவு. அடர்கலவையில் மிச்சமிருப்பதை நீர்க்காமல் தனியாக வையுங்கள். அடுத்த பருவ மாற்றத்துக்கு எண்களைத் திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.